கோழி அடையும் நேரம்

சாயங்காலம் வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய்விடுவேன். கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்று அங்கே இருக்கிறது, அதில் உட்கார்ந்துகொள்வேன். 11 பெட்டை, ஒரு சேவல். ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் போகும். செவலைதான் எப்போதும் முதலில்; போனதும் மேல்கட்டையின் வலது மூலையைப் பிடித்துக்கொள்ளும். கருப்பி, அடை உட்காராத நாட்களில், கடைசி வரைக்கும் வேலியோரம் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் ஓடி வரும். சேவல் எல்லாவற்றுக்கும் பிறகுதான் ஏறும்.

ஒன்பது வருடமாகக் கோழி வளர்க்கிறேன். இதில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இந்தக் கால் மணி நேரத்தில் கற்றதுதான். கோழி தன் நோயை மறைக்கும். சோர்ந்து நின்றால் கூட்டத்தில் இருக்கும் மற்ற கோழிகளே கொத்தும், அதனால் முடிகிற வரைக்கும் தீனியைக் கொத்துவதுபோலவே நடந்துகொள்ளும். பட்டப்பகலில் ஒரு கோழி இறக்கையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடி நிற்கிறது என்றால், அதற்கு உடம்பு கெட்டு ஓரிரு நாள் ஆகியிருக்கும். ஆனால் அடைகிற நேரத்தில் அதனால் மறைக்க முடியாது. கட்டைக்குத் தாவ வலு வேண்டுமே. தினமும் மேல்கட்டையில் உட்காருகிற கோழி இன்றைக்குத் தரையிலேயே ஒண்டிக்கொண்டால், எனக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

அதனால் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். யார் பிந்தி வருகிறது, யார் நொண்டுகிறது, யாருடைய கொண்டை வெளுத்திருக்கிறது, இதையெல்லாம் பாருங்கள். இருட்டிய பிறகு கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அடங்கி உட்கார்ந்திருக்கும், கையில் எடுத்தாலும் கலவரம் பண்ணாது. நான் தினமும் இரண்டு மூன்று கோழிகளைத் தொட்டுப் பார்ப்பேன். கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலப்பக்கம் தீனிப்பை இருக்கிறது. சாயங்காலம் அது எலுமிச்சம்பழம் அளவுக்கோ அதற்கு மேலேயோ நிறைந்து, லேசாக அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி இருக்க வேண்டும். மறுநாள் காலையில், தீனி போடுவதற்கு முன்னால், காலியாக இருக்க வேண்டும். சாயங்காலமே காலியாக இருந்தால் அந்தக் கோழி சாப்பிடவில்லை. காலையிலும் நிறைந்து கல் மாதிரி இருந்தால் அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர்ப்பை மாதிரி தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே புளித்துப் போயிருக்கிறது. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், திரவம் மூச்சுக்குழாய்க்குள் போனால் அங்கேயே செத்துவிடும்.

கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் நான் கொடுத்த விலை பெரியது.

இரண்டாவது வருடம். கடையில் “கோழி வலை” என்று கேட்டு வாங்கிய மெல்லிய அறுகோணக் கம்பி வலையைக் கூட்டின் நான்கு பக்கமும் ஸ்டேப்ளர் பின்னால் அடித்து வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் கதவைத் திறக்கப் போனால் வழக்கமான சத்தமே இல்லை. உள்ளே நான்கு கோழிகள் செத்துக் கிடந்தன. இரண்டுக்குத் தலை இல்லை. வலையை ஒட்டியே விழுந்திருந்தன. மற்ற இரண்டும் கிழிபட்டுக் கிடந்தன. வலையின் கீழ்மூலை உள்பக்கமாக வளைந்து, நான்கு பின்கள் பிடுங்கிக்கொண்டு நின்றன. வளைந்த கம்பியில் செந்நிறச் சிறகு ஒன்று மாட்டி ஆடிக்கொண்டிருந்தது. வந்தது மரநாயா காட்டுப்பூனையா, நான் பார்க்கவில்லை. ஆனால் எப்படி வந்தது என்று அந்த மூலையைப் பார்த்தாலே தெரிந்தது.

அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், அவ்வளவுதான். வெளியே இருந்து வருவதைத் தடுக்காது. நாய் பல்லால் கிழித்துவிடும். அதன் கண் வழியாக ஒரு கை உள்ளே நீண்டால், வலையோரம் தூங்குகிற கோழியின் தலை போய்விடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலைதான் போட வேண்டும். பின் அடிக்காதீர்கள், ஸ்குரூவுக்கு அகலமான வாஷர் வைத்து முறுக்குங்கள். தோண்டி வருவதற்கும் வழியை அடைக்க வேண்டும். ஒன்று, வலையை ஓர் அடி ஆழத்துக்கு மண்ணில் புதைக்கலாம். அல்லது கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒன்றரை இரண்டு அடி அகலத்துக்குத் தரையில் படுக்கவைத்து மேலே மண்ணும் கல்லும் போடலாம். எனக்கு இரண்டாவதுதான் சுலபமாக இருந்தது. தோண்டுகிற மிருகம் சுவரோரத்தில்தான் தோண்ட ஆரம்பிக்கும். கம்பி இடறியதும் விட்டுவிடும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது.

தாழ்ப்பாள் இரண்டு போடுங்கள். சும்மா தூக்கினால் திறக்கிற கொக்கியைச் சில மிருகங்கள் தட்டித் தட்டியே திறந்துவிடும். அப்புறம், பெருவிரல் நுழைகிற ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று கூட்டைச் சுற்றி ஒருமுறை குனிந்து பாருங்கள். அதில் எலி நுழையும். எலி வந்தால் தீனி போகும், முட்டை போகும், குஞ்சையும் கடிக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அதனால்தான் ராத்திரி தீனித்தட்டைக் கூட்டுக்குள் விடுவதே இல்லை. மூட்டையும் மூடி போட்ட தகர டப்பாவில்தான் இருக்கும். பகலில் வருகிறவை வேறு: கீரி, நாய், பருந்து. குஞ்சு என்றால் காக்கையே தூக்கிவிடும். மேய்கிற இடத்தில் தாழ்வான செடி, புதர், ஒரு பழைய மேசை, எதுவானாலும் சரி, ஓடி ஒளிய இடம் இருக்க வேண்டும். சேவல் மேலே பார்த்து இழுத்து ஒரு சத்தம் கொடுத்தால் எல்லாம் நொடியில் செடிக்கடியில் போய்விடும். வெட்டவெளியில் ஓடுவதற்கு எங்கே போகும்?

உள்ளே இடம் எவ்வளவு என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் நான்கு சதுர அடி, வெளியே வலைக்குள் பத்து சதுர அடி. அதற்குக் குறைந்தால் கொத்திக்கொள்ள ஆரம்பிக்கும். ரத்தம் வந்துவிட்டால் எல்லாமாகச் சேர்ந்து அந்த ஒன்றையே கொத்தும், உடனே பிரித்து வைக்க வேண்டும். உட்காரும் கட்டையில் தலைக்கு எட்டிலிருந்து பத்து அங்குலம். கட்டை, முட்டையிடும் பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். கோழி எப்போதும் உயரமான இடத்தைத்தான் தேடும், பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே படுத்து எச்சமிட்டு முட்டையைக் கெடுக்கும். ஆனால் கனமான கோழிகளுக்குக் கட்டையை ரொம்ப உயர்த்தாதீர்கள். குதித்துக் குதித்து அடிப்பாதத்தில் காயம்பட்டு, உள்ளே சீழ் கட்டிக் கறுப்புப் பொருக்கோடு வீங்கிவிடும். நான்கைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும். பத்துப் பெட்டி வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும்.

காற்றோட்டம் இதைவிட முக்கியம். குளிருமே என்று பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். கோழிக்கு உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். மேலே சிறகுப் போர்வை இருக்கிறது. வளர்ந்த கோழியைக் குளிரைவிட ஈரமும் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும்தான் அதிகம் கெடுக்கும். காலையில் கதவைத் திறந்ததும் கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கில் காரமாக ஏறினால் அதன் கண்ணும் மூச்சுக்குழலும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். கட்டையில் உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேலே, கூரைக்குக் கீழே, இரண்டு பக்கமும் வலை போட்ட திறப்பு இருந்தால் போதும். காற்று உடம்பில் நேராக அடிக்காது, ஆனால் ஈரம் வெளியே போய்விடும்.

தரையில் உமியோ மரச்சீவலோ நான்கு அங்குலத்துக்குப் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுவேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்த பகுதியை அன்றன்றைக்கே அள்ளி எறிந்துவிடுவேன். இதில் சோம்பலே கூடாது. காரணம் ரத்தக்கழிச்சல் நோய். அதைத் தரும் கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வரும்போது அப்போதே நோயைத் தராது. சூடும் ஈரமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றி, தொற்றக்கூடிய நிலைக்கு வரும். காய்ந்த தரையில் அதற்கு வழியில்லை. மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் இது கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போகும். குஞ்சு குளிரில் நிற்பதுபோலச் சிறகைச் சிலிர்த்துக் கூனி நிற்கும், எச்சத்தில் ரத்தம் தெரியும். ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். குஞ்சு சோர்ந்திருக்கிறதே என்று கூடவே வைட்டமின் டானிக்கும் கொடுத்துவிடுகிறோம், நானும் கொடுத்திருக்கிறேன். அது தப்பு. அந்தக் கிருமி பி1 வைட்டமினை எடுத்துக்கொள்ள முடியாமல் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலையே. நாமே பி1 ஊற்றினால் மருந்து எங்கே வேலை செய்யும்? மருந்து முடிந்த பிறகு டானிக் கொடுக்கலாம்.

எச்சத்தைப் பார்க்கப் பழகுங்கள் என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் கோழியால் நம்மிடம் மறைக்க முடியாத இன்னொன்று அது. பழுப்பாக உருண்டு மேலே வெள்ளைத் தொப்பி போட்டிருந்தால் நல்லது. பத்தில் ஒன்று களிம்பு மாதிரி, காபி நிறத்தில், தாங்க முடியாத நாற்றத்தோடு இருக்கும். அது பெருங்குடல் பையிலிருந்து வருவது, பயப்பட வேண்டாம். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போனால்தான் வயிற்றில் புளி கரைக்கும்.

அதை நான் நேரில் பார்த்தது ஐந்தாவது வருடம். நல்ல கம்பீரமான வளர்ந்த சேவல் ஒன்றை ஒருவரிடமிருந்து வாங்கி வந்து, அன்று சாயங்காலமே கூட்டத்தோடு விட்டுவிட்டேன். ஆறாம் நாள் இரண்டு பெட்டைகள் தீனிக்கு வரவில்லை. ஏழாம் நாள் பச்சைக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு. ஒன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி வட்டமாகச் சுற்றியது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோது தலை என் முழங்கையில் வந்து திரும்பித் திரும்பி முட்டியது. பத்து நாளில் 14 கோழிகளில் ஒன்பது போய்விட்டன. வெள்ளைக்கழிச்சல். இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். நான் அதுவரை போட்டதில்லை. நாலு கோழிக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. புதுக்கோழி எங்கிருந்து வந்தாலும், எவ்வளவு நன்றாக இருந்தாலும், 30 நாள் தனியாகத்தான் இருக்கும். முடிந்தவரை தள்ளி, தனித்தட்டு, தனிக்கிண்ணம். முதலில் பழைய கோழிகளின் வேலையை முடித்துவிட்டுத்தான் புதியதிடம் போவேன். திரும்பி அப்படியே பழையதிடம் வரமாட்டேன். செருப்பும் வேறு. இன்னொன்று தடுப்பு மருந்து. குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே கண்ணில் ஒரு சொட்டு, அப்புறம் கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்குப்படி அடுத்தடுத்து. மருந்துக் குப்பி நூறு டோஸ், அதற்கு மேல் என்றுதான் வரும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. ஆகவே அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களோடு பேசி ஒரே நாளில் எல்லாருமாகப் போட்டுக்கொள்வது நல்லது. வாங்கியதிலிருந்து போடுகிற வரைக்கும் ஐஸ் வைத்த டப்பாவிலேயே இருக்கட்டும். வெயிலில் எடுத்துப்போன மருந்து வெறும் தண்ணீர்தான்.

சொட்டு விடும்போது அவசரப்படக் கூடாது. குஞ்சை இடது உள்ளங்கையில் படுக்கவைத்து, பெருவிரலால் தலையை லேசாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சொட்டு கண்ணில் விழுந்ததும் ஒரு கணம் குமிழாக நிற்கும். குஞ்சு இமைக்கும். சொட்டு உள்ளே பரவி மறைந்த பிறகுதான் கீழே விட வேண்டும். உடனே விட்டால் தலையை உதறி வெளியே தள்ளிவிடும். நாம் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், அதற்கு ஒன்றும் சேர்ந்திருக்காது. உடம்பு சரியில்லாத குஞ்சுக்குப் போடாதீர்கள்.

அம்மைக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. கொசு வழியாகப் பரவுவதால் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுவதும் பாதி வைத்தியம். வந்துவிட்டால் கொண்டையிலும் கண்ணோரத்திலும் வரும் பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதில்தான் கிருமி இருக்கிறது. சில வாரங்களில் தானாக உதிரும். கண் மூடிப்போன கோழிக்குத் தீனி தெரியாது. அதைக் காப்பாற்றுவது கையால் ஊட்டுகிற பொறுமை மட்டும்தான்.

கோழிச்செல் என்ற சின்னப் பூச்சியில் ஒரு வகை பகலில் கோழியின் மேலே இருக்காது. கட்டையின் முனையிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து, ராத்திரி வந்து ரத்தம் குடித்துவிட்டுப் போய்விடும். பகலில் எவ்வளவு தேடினாலும் கோழி சுத்தமாகத்தான் தெரியும், கொண்டை மட்டும் வெளுத்துக்கொண்டே வரும். அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டையின் அடிப்பக்கத்தில் அழுத்தித் துடைத்துப் பார்ப்பேன். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் வெளிச்சத்தில். துணியில் சிவப்புக் கோடு இழுத்தால் அது நசுங்கிய செல், உள்ளே இருப்பது நம் கோழியின் ரத்தம். ஒருமுறை மருந்தடித்துவிட்டு நிறுத்தினால் முட்டையிலிருந்து புதிதாக வந்துவிடும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டும். கோழியே இல்லாத கூட்டிலும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கும் பூச்சி அது. கோழி மேலேயே வாழும் பேனுக்கு, மணலும் சாம்பலும் கலந்த ஒரு புழுதிக்குழி நல்லது. மழை படாத இடத்தில் இருந்தால் கோழியே தினமும் போய்ப் புரண்டுகொள்ளும்.

தீனியை அதிகம் நீட்ட மாட்டேன். முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்கு 110, 120 கிராம் தீனி, கால் லிட்டர் தண்ணீர். ஓட்டுக்கான சுண்ணாம்புச்சத்துக்குக் கிளிஞ்சல் தூளைத் தீனியில் கலக்காமல் தனிக்கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படுவது தானே தேடிவந்து கொத்தும். முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போடக் கூடாது, அதில் உள்ள சுண்ணாம்பு அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூஞ்சை பிடித்த தானியத்தைக் “கோழிதானே” என்று போடாதீர்கள். அந்த நச்சு ஈரலில் சேரும். அவகேடோ, வேகவைக்காத பீன்ஸ் விதை இரண்டும் வேண்டாம்.

வெயில் காலத்தில் கோழி சாவது சில மணி நேரத்துக் காரியம். அதற்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைப்பதும் கொண்டை வழியாகச் சூட்டை விடுவதும்தான் அதன் வழி. இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓட்டுக்குத் தேவையானது கிடைக்காமல் முட்டை மெலிந்த ஓட்டோடு வரும். தண்ணீரை நிழலில், இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். உச்சி வெயிலில் தீனி வேண்டாம், செரிக்கும்போதும் சூடு உண்டாகும். அதிகாலையிலும் சாயங்காலமும் போடுங்கள். இறக்கையை அகட்டி இரைக்கிற கோழியைத் தூக்கிக் காலை மட்டும் ஆழமில்லாத குளிர்ந்த தண்ணீரில் நிற்க வைத்தால் கண்ணெதிரே தெளியும்.

ஒன்று மட்டும் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ஒரே நாளில் பல கோழிகள் காரணம் தெரியாமல் செத்தால், வெறும் கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். எச்5என்1 போன்ற பறவைக் காய்ச்சல் மனிதருக்கும் வரும். மற்ற நாட்களிலும் கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குஞ்சை முகத்தோடு வைத்துக் கொஞ்ச ஆசைப்படும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நேரமாகிவிட்டது. கருப்பி இப்போது ஒன்பது முட்டையில் அடை உட்கார்ந்திருக்கிறது, இன்றோடு 17 நாள். 21-ல் பொரிக்கும். ஒரு நாளைக்கு ஒருமுறைதான் எழுந்து வருகிறது, வேகவேகமாகத் தின்றுவிட்டு, பெரிய எச்சம் ஒன்று போட்டுவிட்டு, திரும்ப ஓடிவிடுகிறது. நாளைக்கு ஆழமில்லாத தட்டு ஒன்றைக் கழுவி, அடியில் கூழாங்கல் பரப்பி வைக்க வேண்டும். இரண்டு நாள் குஞ்சு விரற்கடைத் தண்ணீரில்கூட மூழ்கிவிடும்.